திவாலான வங்கி, விலைபோகும் நோட்டு

மூன்று டாலர் நோட்டை நீட்டினால் இன்று எந்த அமெரிக்கக் கடைக்காரரும் சிரித்துவிடுவார். 1850-களில் அது அவருடைய கல்லாவில் சாதாரணமாகக் கிடந்தது. அடித்தது அரசு அல்ல, ஊருக்கு ஊர் இருந்த தனியார் வங்கிகள்.

பிலடெல்பியாவில் இயங்கிய பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸின் மத்திய உரிமம் 1836-இல் காலாவதியானது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல், மாநில உரிமம் பெற்ற வங்கிகளின் நோட்டுகளே புழக்கத்தில் இருந்த காகிதப் பணம். கொண்டுவந்து கொடுத்தால் பொன்னோ வெள்ளியோ தருவோம் என்பது அவற்றின் வாக்குறுதி. தொலைதூர வங்கியின் நோட்டென்றால் வியாபாரி வட்டம் பிடித்துக்கொண்டுதான் வாங்குவார். எந்த வங்கி விழுந்தது, எந்தக் கள்ள நோட்டு உலவுகிறது என்று சொல்வதற்காகவே நியூயார்க்கில் ஜான் தாம்சன் 1842-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார்.

வாக்குறுதி பொய்த்த கதைகள் ஏராளம். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் ஃபார்மர்ஸ் எக்ஸ்சேஞ்ச் வங்கி 1809-இல் மூடப்பட்டபோது வெளியே லட்சக்கணக்கான டாலருக்கு நோட்டுகள் இருந்தன. உள்ளே இருந்த ரொக்கம் 86 டாலர் சொச்சம். மிச்சிகனில் அதிகாரிகள் சோதனைக்கு வருமுன் ஒரே வெள்ளிக்காசுப் பெட்டி வங்கி விட்டு வங்கி பயணம் போனது.

இந்த மோசடிகளால்தான் சேகரிப்பாளருக்கு இன்று நோட்டு கிடைக்கிறது. நாணயமான வங்கிகள் திரும்பி வந்த நோட்டுகளுக்குக் காசு கொடுத்து அவற்றை அழித்துவிட்டன. முறிந்த வங்கிகளின் நோட்டுகளை வாங்க ஆளில்லை. அவை வீட்டுப் பெட்டிகளில் தங்கின. கையெழுத்திடாமலே மிஞ்சிய நோட்டுகளும் உண்டு. நியூ ஆர்லியன்ஸின் கனால் வங்கி விட்டுச்சென்ற அத்தகைய நோட்டுகள் புதிதாகச் சேகரிப்பவருக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கின்றன.

ஆனால் மோர்மன் மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் கையெழுத்துள்ள, கர்ட்லண்ட் ஊரில் வெளியான 1837-ஆம் ஆண்டு நோட்டுக்கு ஏலத்தில் போட்டி பலமாக இருக்கும். ஓவியங்களுக்காகவே வாங்குபவர்களும் உண்டு. எஃகுத் தகட்டில் நுணுக்கமாகச் செதுக்கி அச்சிட்ட நீராவிக் கப்பல்கள், ரயில்கள், பருத்தி சுமக்கும் அடிமைகள் என அக்கால வாழ்க்கை அவற்றில் பதிவாகியிருக்கிறது. நியூயார்க்கின் செயின்ட் நிக்கோலஸ் வங்கி தன் நோட்டில் கிறிஸ்துமஸ் தாத்தாவையே அச்சிட்டது.

மாநில வங்கி நோட்டுகளுக்கு 10 சதவீத வரி விதித்து 1865-இல் வந்த சட்டம் இந்தச் சகாப்தத்தை முடித்துவைத்தது. எஞ்சியவற்றை ஜேம்ஸ் ஹாக்ஸ்பி 1988-இல் நான்கு தொகுதிகளாகப் பட்டியலிட்டார்.

வாங்கும்போது எச்சரிக்கை தேவை. உரிமம் போனபின் பென்சில்வேனியா மாநில வங்கியாகத் தொடர்ந்த அதே பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸின் பெயரில், 1840 எனத் தேதியிட்ட ஆயிரம் டாலர் நோட்டு ஒன்று அடிக்கடி விற்பனைக்கு வரும். மொறமொறப்பான பழுப்புத் தாளில், 8894 என்ற வரிசை எண்ணோடு இருந்தால், அது பின்னாளில் நினைவுப்பொருளாக ஆயிரக்கணக்கில் அடித்த நகல்.