டெக்ஸ் வில்லரே வந்தாலும் 5 விநாடி அபராதம்! தெரியுமா?

பொள்ளாச்சி பஸ் புறப்பட நேரமிருந்தால் போதும், கோவை உக்கடத்தில் கால் தானாகப் பழைய புத்தகக் கடைப் பக்கம் திரும்பிவிடும். பள்ளி நாளிலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம். வினா வங்கிகளுக்கும் கரையான் அரித்த நாவல்களுக்கும் அடியில், அட்டை கிழிந்த டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் ஒன்று அகப்பட்டால் அன்றைக்குத்தான் தீபாவளி. "என்னங்க தம்பி, குதிரைக்காரன் கதைங்களா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்கார அண்ணன் சணல் கயிற்றை அவிழ்ப்பார்.

அந்த டெக்ஸ் வில்லர் அமெரிக்கக்காரரே இல்லை, தெரியுமா? 1948-ல் இத்தாலியில் பிறந்த நாயகன்! சிவகாசியின் லயன் காமிக்ஸ்தான் அவரைத் தமிழ் பேச வைத்தது. திரையில் நமக்கு ஜெய்சங்கர் இருந்தார். கர்ணன் இயக்கத்தில் 1972-ல் மட்டும் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று இரண்டு படங்கள்! குதிரை, தொப்பி, இடுப்பில் இரண்டு துப்பாக்கி. எத்தனை முறை சுட்டாலும் குண்டு தீராது.

அதே கோலத்தில், நிஜத் தோட்டாவோடு, இன்றைக்கும் அமெரிக்காவில் போட்டி நடக்கிறது, தெரியுமா? பெயர் கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங். 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் கிளம்பியது. 1987-ல் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி' என்ற சங்கமே அமைந்துவிட்டது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர். ஒருவர் வைத்துக்கொண்ட பெயரை இன்னொருவர் வைத்துக்கொள்ள முடியாது! உடையும் அந்தக் காலத்து உடைதான். விளையாட்டு ஷூவும் பேஸ்பால் தொப்பியும் போட்டுக்கொண்டு களத்தில் இறங்க முடியாது.

ஆயுதம் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டு வடிவம். இரண்டு ரிவால்வர், நெம்புகோலை இழுத்துத் தள்ளிச் சுடும் ரைஃபிள் ஒன்று, ஷாட்கன் ஒன்று. ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் இருக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தினால்தான் விசை வேலை செய்யும். 'சிங்கிள் ஆக்‌ஷன்' என்ற பெயரே அதனால் வந்ததுதான். இலக்குகள் இரும்புத் தகடுகள். பட்டால் 'டங்' என்று கேட்கும். நேரம் பார்க்கும் கருவிக்குக் கண் கிடையாது, காதுதான்! வெடிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கணக்கு வைத்து, கடைசி வெடியின் நேரத்தைக் காட்டி நிற்கும்.

இனிமேல்தான் இருக்கிறது அதிசயம். இந்த ஆட்டத்தில் மதிப்பெண் என்பதே கிடையாது. எல்லாமே விநாடி! ஒரு தகடு தவறினால் 5 விநாடி கூடும். ஒருவர் 20 விநாடியில் பறந்து முடித்து, மூன்று தகட்டைக் கோட்டை விட்டார் என்று வையுங்கள். கணக்கில் அவருக்கு 35. இன்னொருவர் நிதானமாக 30 விநாடி எடுத்து எல்லாத் தகட்டையும் அடித்தார். ஜெயித்தவர் நிதானக்காரர்! இந்தக் கூட்டல் கணக்கைப் பார்த்த நாளிலிருந்து இந்த விளையாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை.

தவறியதா இல்லையா என்று யார் சொல்வது? மூன்று பேர் மூன்று பக்கம் நின்று எண்ணுகிறார்கள். இரண்டு பேர் சொல் ஒத்துப்போனால் அதுவே தீர்ப்பு. சந்தேகம் வந்தால் பலன் சுட்டவருக்கே.

சொன்ன வரிசையில் சுடாமல் தகட்டை மாற்றி அடித்தால்? 10 விநாடி. ஆனால் குறி தவறியதால் வரிசை கலைந்துபோனால் அதற்கு இந்த 10 கிடையாது, தவறியதற்கான 5 மட்டும்தான். ஒரே பிழைக்கு இரண்டு அடி விழாது!

இதைவிடப் பெரிய அபராதம் ஒன்று உண்டு. வேண்டுமென்றே விதியை மீறி, அதனால் நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவருக்கு 30 விநாடி! ஆறு தகடு தவறினால் என்ன கூடுமோ, அது ஒரே அடியில். குறி தப்புவது மனித இயல்பு, குறுக்கு வழி பார்ப்பது குணக்கேடு என்று விநாடியிலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆறு தோட்டா போடக்கூடிய ரிவால்வரில் ஐந்துதான் போட வேண்டும், தெரியுமா? சுத்தி சாய்ந்திருக்கும் அறை காலியாக இருக்கவேண்டும். பழைய வடிவத் துப்பாக்கி கைதவறி விழுந்தால் அந்த அடியிலேயே வெடித்துவிடலாம். அதனால்தான் இந்த ஏற்பாடு. காலித் துப்பாக்கியைக் கீழே போட்டால் போட்டியில் அந்த ஒரு கட்டம் போச்சு. தோட்டா உள்ள துப்பாக்கியைப் போட்டால் முழுப் போட்டியும் போச்சு! துப்பாக்கிக் குழல் இலக்குப் பக்கம் விரியும் 170 டிகிரிக்குள்ளேயே இருக்கவேண்டும். தாண்டினால் அந்தக் கட்டத்தை விட்டு வெளியே. உலக சாம்பியனாகவே இருந்தாலும் சரி.

நம் பக்கம் வருவோம். புதுக்கோட்டைத் தொண்டைமான் வழியில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடியது டிராப். தகுதிச் சுற்றில் பறக்கும் களிமண் தட்டு 125. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை சுடலாம். உடைந்தால் ஒன்று, உடையாவிட்டால் பூஜ்யம். கழிக்கும் கணக்கும் இல்லை, கடிகாரமும் இல்லை.

அந்தப் பூஜ்யம் எவ்வளவு கொடியது தெரியுமா? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் ரைஃபிள் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸுக்கு ஒரே ஒரு தோட்டா பாக்கி. 3 புள்ளி முன்னிலை. தங்கம் கழுத்துக்கு வந்தாயிற்று. சுட்டார். குண்டு பட்டது பக்கத்துத் தடத்துக்காரரின் இலக்கில்! பூஜ்யம். முதலிடத்தில் நின்றவர் எட்டாம் இடத்துக்குப் போனார். தங்கம் சீனாவின் ஜியா ஜான்போவுக்கு. கௌபாய் களத்தில் ஒரு தகட்டை மாற்றி அடித்திருந்தால் வெறும் 10 விநாடியோடு போயிருக்கும்.

கோவை கோனியம்மன் மாசித் தேர்த் திருவிழாவில் பலூன் சுடும் கடை முன்னால் நின்றது நினைவுக்கு வருகிறது. எனக்குப் பத்து வயசிருக்கும். பலூன் உடைந்த சந்தோஷத்தில், "மாமா, பாத்தீங்களா!" என்று துப்பாக்கியோடு அப்படியே திரும்பினேன். கடைக்காரர் பாய்ந்து வந்து குழலைப் பிடித்துப் பலகைப் பக்கம் திருப்பினார். "கண்ணு, ஆள் பக்கம் திரும்பக் கூடாது" என்றார். அந்த 170 டிகிரிக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் விதி அதேதான்.

இந்த மாசியில் பிள்ளைகளைத் தேருக்குக் கூட்டிப் போனால், பலூன் கடையில் காசு கொடுக்கும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: குழல் எப்போதும் பலூன் பக்கமே இருக்கட்டும்.