அவசரமில்லா அரிச்சுவடி

ஓசூருக்கு அண்டையில், கர்நாடக எல்லைக்குள் அமைந்த ஆனேக்கலில் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை பள்ளி வயதுக்கு முன்பே மும்மொழிகளைக் கேட்டு வளர்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், படப்புத்தகத்தில் ஆங்கிலம். அக்குழந்தைக்கு இல்லத்திலேயே கல்வி தர முனையும் பெற்றோர், மூன்று நெடுங்கணக்குகளையும் ஒருசேரத் தொடங்க விரும்புவது இயல்பே. காலை ஒன்பது மணிக்கு மேசை, கால அட்டவணை, வீட்டுப்பாடம் என ஏற்பாடுகள் நடக்கும். இரண்டு வாரத்தில் பென்சிலைக் கண்டாலே குழந்தை ஓடி ஒளியுமாயின், குறை குழந்தையிடம் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பெயர்த்து வீட்டுக்குள் வைத்ததே காரணம்.

1939ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, குழந்தையின் கைகளுக்கே முதலிடம் தந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிய பிறகே எழுதுகோல். நம் திண்ணைப் பள்ளிகளும் மணலில் விரலால்தான் எழுதவைத்தன. நாம்தான் இடையில் மறந்துவிட்டோம்.

ஆகவே முதல் சில வாரங்களுக்குப் புத்தகமே வேண்டாம். பயறையும் கடலையையும் பிரித்தெடுக்கட்டும். தட்டில் பரப்பிய ரவையில் கோடு இழுக்கட்டும். பின்னர் ட, ப, ம என்னும் எளிய வடிவங்கள். அவற்றிலிருந்தே படம், மடம், பட்டம் பிறந்துவிடும். பத்து நிமிடம் போதும். குழந்தை இன்னும் கேட்கும்போதே நிறுத்துவது நன்று. கன்னட எழுத்துக்கு அவசரமில்லை; பேச்சைத் தெரு கற்பித்துக்கொண்டிருக்கும். கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதும் கணக்குப் பாடமே. பத்து வயது நிறைந்தால் வங்கி விதிகளுக்குட்பட்டுத் தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

சட்டம் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலானோருக்கு உரியது; அது இல்லக்கல்வியைப் பற்றி வெளிப்படையாக எதுவும் கூறவில்லை. இத்தெளிவின்மையை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். பிற்காலத்தில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக, 14 வயது நிறைந்தோர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்யலாம். பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் இருப்பின், குழந்தை வரைந்தவை, எழுதியவை அனைத்தையும் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்துவருவது சேர்க்கையின்போது கைகொடுக்கும்.