கவிழ்ந்த கயாக்கில் மீண்டும் ஏறுதல்

கயாக் கவிழ்ந்ததும் முதலில் செய்ய வேண்டியது அதை விடாமல் பிடித்துக்கொள்வதுதான். கவிழ்ந்தாலும் அது மிதக்கும். தூரத்தில் நிற்பவர் கண்ணிலும் படும். மட்டக்களப்பு வாவியில் பல இடங்கள் ஆழமற்றவை, ஆனால் சேற்றில் கால் புதையும். உன்னிச்சைக் குளம் நிறைந்திருக்கும்போது கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். அதை நம்பி நீந்தப் புறப்படுவதே பெரிய ஆபத்து. கச்சான் காற்று அடித்தால், கைவிட்ட கயாக்கை நீந்திப் பிடிக்க முடியாது.

மேலே திறந்த கயாக் என்றால் ஏறுவது எளிது. அதை நிமிர்த்தி, நடுப்பகுதியில் இரு கைகளையும் ஊன்ற வேண்டும். கால்களை உதைத்து உடலை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்த பின்பே மேலே இழுக்க வேண்டும். கால்கள் கீழே தொங்க, கைப்பலத்தால் மட்டும் ஏற முயன்றால் கயாக் மறுபடியும் கவிழும். முதலில் வயிறு குறுக்கே படியட்டும். பிறகு புரண்டு அமர்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுக்கலாம்.

கடலுக்கான மூடிய கயாக்கில் இடுப்பைச் சுற்றி நீர்த்தடுப்பு உறை இருக்கும். அதன் முன்பக்க வளையத்தை இழுத்தால்தான் வெளியே வரலாம். திரும்ப ஏற, துடுப்பின் ஒரு நுனியில் காற்றடைத்த மிதவையை மாட்டி, மறுநுனியை இருக்கைக்குப் பின்னால் குறுக்கே வைத்து அழுத்திப் பிடிப்பார்கள். பக்கக்கட்டை பூட்டிய வள்ளம்போலக் கயாக் ஆடாமல் நிற்கும். ஏறியதும் கைப்பம்பினால் நீரை இறைக்காவிட்டால், உள்ளே அலையும் தண்ணீரே மீண்டும் கவிழ்த்துவிடும். வெளியே வராமலே இடுப்பை வெட்டிக் கயாக்கை நிமிர்த்தும் முறை கிரீன்லாந்து வேட்டைக்காரர்களுடையது. ஆஸ்திரியரான பாவ்லாட்டா அதை 1927இல் கற்றார். அழகான வித்தைதான். ஆனாலும் புதியவர் அதை மட்டும் நம்பிப் போகக்கூடாது.

உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் கிடந்தால் பயனில்லை. விழுந்த பின் தண்ணீரில் அதை அணிவது மிகக் கடினம். ஊதுகுழலை அங்கியிலேயே கட்டிவைக்க வேண்டும். தொலைபேசி நீர்புகாப் பையில் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழைக்கலாம்.

இவற்றையெல்லாம் இடுப்பளவு நீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, களைத்த நிலையிலும் ஏற வரும்வரை பழக வேண்டும். பழகும் இடத்தில் முதலை உண்டா என்பதை அங்கு வலை வீசும் மீனவரிடம் கேட்பது அவசியம். மாரியில் வான்கதவுகள் திறந்திருக்கும் நாட்களில் குளத்தில் இறங்கவே கூடாது. கதவை நோக்கிப் பாயும் நீரில் இந்த முறைகள் எதுவும் கைகொடுக்காது.