எதிர்த் தரப்பின் நாற்காலியில் ஒரு சங்ககிரிப் பிள்ளை

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினைக்காகப் பெங்களூரில் கலவரம் மூண்டபோது, தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய லாரிகளும் பேருந்துகளும் எரிக்கப்பட்டன. லாரித் தொழிலை நம்பி வாழும் சங்ககிரிக்கு அது வெறும் தொலைக்காட்சிச் செய்தி அல்ல. லோடு ஏற்றிப் போனவர் ஓசூரைத் தாண்டிவிட்டாரா, வண்டியை எங்கே ஓரங்கட்டியிருக்கிறார் என்று வீட்டிலிருந்து பதறிப்போய் போன் போட்டுக் கேட்க வைத்த செய்தி. பேசித் தீராத வழக்கின் சுமை கடைசியில் டிரைவர் தலையிலும் கிளீனர் தலையிலும்தான் இறங்குகிறது.

பேசித் தீர்க்கும் கலையைப் பள்ளியிலேயே பழக்க வேண்டும் என்று இந்த ஊரை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது: மாதிரி ஐ.நா. மாநாடு. மாணவர்கள் ‘எம்.யு.என்.’ என்பார்கள். ஐ.நா. பிறப்பதற்கு முன்பே, 1920களில், அன்றைய சர்வதேச சங்கத்தைப் போலச் செய்து பார்க்கும் கூட்டங்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் தொடங்கிவிட்டன. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1968 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாநாடு நடக்கிறது. ஹார்வர்டு மாணவர்கள் 2011இல் ஹைதராபாத்துக்கே வந்து நடத்தினார்கள். சென்னைக் கல்லூரிகளுக்கும் இது பழகிய விஷயம்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நாட்டை ஒதுக்குவார்கள். அந்த நாட்டின் நிலைப்பாட்டைப் படித்து ஒரு பக்கத்தில் எழுதிவர வேண்டும். அவையில் நாட்டின் பெயரட்டையைத் தூக்கிக் காட்டினால் பேச ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ கிடைக்கும். ‘நான் நினைக்கிறேன்’ என்று பேசக்கூடாது. நாட்டின் குரலில்தான் பேச வேண்டும். பிறகு அவைத் தலைவர் கூட்டத்தைத் தளர்த்திவிடுவார். எல்லோரும் எழுந்து கூட்டாளி தேடி அலைவார்கள், மூலையில் கூடித் தீர்மானம் எழுதுவார்கள். நிஜமான வேலை நடப்பது அந்த அரைமணி நேரத்தில்தான்.

நைல் நதியைத் தலைப்பாக வைத்துக்கொள்வோம். 1959இல் எகிப்தும் சூடானும் ஓர் ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு 5,550 கோடி கனமீட்டர் எகிப்துக்கு, 1,850 கோடி சூடானுக்கு என்று பிரித்துக்கொண்டன. அந்த நீரில் பெரும்பகுதி உற்பத்தியாகும் எத்தியோப்பியாவுக்கு அதில் இடமே இல்லை. எத்தியோப்பியா 2011இல் பெரிய அணை ஒன்றைக் கட்டத் தொடங்கியது. தகராறு 2020இலும் 2021இலும் ஐ.நா. பாதுகாப்பு அவை வரை போனது. 2025 செப்டம்பரில் அணை திறக்கப்பட்டது.

இப்போது சங்ககிரி மாணவி ஒருத்திக்கு எத்தியோப்பியாவின் அட்டை வருகிறது என்று வையுங்கள். பிறந்ததிலிருந்து ‘மேலே இருப்பவன் தண்ணீரை அடைக்கிறான்’ என்று கேட்டு வளர்ந்தவள் அவள். மேட்டூர் அணையும் பூலாம்பட்டிக் காவிரியும் அவளுக்குத் தெரிந்த இடங்கள். அவள் எழுந்து, “மழை எங்கள் மலையில் பெய்கிறது, எங்கள் மக்களில் கோடிக்கணக்கானோர் வீட்டில் மின்சாரம் இல்லை, எங்களைக் கேட்காமல் போட்ட ஒப்பந்தம் எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?” என்று வாதாட வேண்டும். காவிரி குறித்த 1924 ஒப்பந்தத்தைப் பற்றிக் கர்நாடகம் ஏன் குறைபட்டுக்கொள்கிறது என்பது அப்போது அவளுக்கு விளங்கும். விளங்கிவிட்டது என்பதற்காக நம் உரிமையை அவள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இன்னும் உறுதியாக வாதாடுவாள்.

தீர்மானம் எழுதும்போது பாடம் இன்னும் ஆழமாகிறது. ‘வறட்சி ஆண்டில் குறிப்பிட்ட அளவு நீரைத் திறந்துவிட வேண்டும்’ என்று எகிப்துக்காரப் பையன் எழுதிக்கொண்டு வருவான். எதை வறட்சி என்பது? தொடர்ந்து மூன்று ஆண்டு பொய்த்தால்? அளப்பது யார்? நம் காவிரியைப் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. அப்படி ஒரு பொது ஆளை நைலுக்கு யார் நியமிப்பது? இரண்டு பேரும் கையெழுத்திடக்கூடிய ஒரே ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் வியர்த்துவிடும்.

இந்த மாநாடுகளின் மேல் எனக்கு வருத்தமும் உண்டு. கட்டணம் கட்டி, கோட்டு மாட்டி, ஆங்கிலத்தில் பொளந்து கட்டுகிறவருக்கே பெரும்பாலும் ‘பெஸ்ட் டெலிகேட்’ பரிசு போகிறது. ஐ.நா. பொதுச்சபையிலோ பெரும்பாலான தீர்மானங்கள் வாக்கெடுப்பே இல்லாமல், ஒருமித்த கருத்தால் நிறைவேறுகின்றன. அப்படியிருக்கப் பரிசு கொடுக்க வேண்டியது, முரண்பட்ட இருவரை ஒரே தாளில் கையெழுத்திட வைத்த பிள்ளைக்கு. மாநாட்டைத் தமிழிலேயே நடத்தலாம். அரசுப் பள்ளியின் இலக்கிய மன்ற நேரமும், அட்டையும், பேனாவும் போதும்.

தூது போவது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. பக்கத்துக் குமாரமங்கலத்தின் ப. சுப்பராயன் 1949இல் இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதராகப் போனார். 1925இல் திருச்செங்கோட்டுப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, 1962இல் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி வாஷிங்டனில் கென்னடியைச் சந்தித்தார்.

முதல் ஆண்டு நைலோடு பழகட்டும். அடுத்த ஆண்டு காவிரியையே எடுக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புப்படி தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. நான்கு அட்டைகள் எழுதி, மழை பொய்த்த ஓர் ஆண்டைக் கணக்காகக் கொடுத்து, கர்நாடகம் யாருக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும்.