முகம் வெளுக்கப் பூசினால் கிட்னிக்கு ஆபத்து! சிவப்பழகு கிரீமில் பாதரசம். ரோட்டோரம் சும்மா கிடக்குது ஆவாரம்பூ

எம்.ரெட்டியபட்டி,

"ஏழே நாளில் முகம் சிவப்பாயிடும். எல்லாம் மூலிகைதான்!" இப்படிச் சொல்லி விற்கும் சில டப்பாக்களில் இருப்பது மூலிகை அல்ல, பாதரசம்! அது கிட்னியையே கெடுத்துவிடும் என்பது கேரளாவில் அம்பலமானது.

அசல் மூலிகையோ, விருதுநகர் மாவட்டம் திருச்சுழி தாலுகாவில் எம்.ரெட்டியபட்டி போன்ற வானம் பார்த்த ஊர்களில் காசில்லாமல் கிடைக்கிறது.

22 பேருக்கு நோய்

மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேர் ஒரு கிட்னி நோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கிட்னியின் சல்லடை பழுதாகி, உடம்பில் நிற்க வேண்டிய புரதச் சத்து சிறுநீரில் போய்விடும் நோய் அது.

அதில் 15 பேருக்கு வந்தது அபூர்வ ரகம். டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்தார்கள். 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதல்.

2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் சவுந்தர்யா" என்ற பெயரில் கடை கடையாக ரெய்டு நடத்தியது. சில லிப்ஸ்டிக், முகக் கிரீம்களில் பாதரசம் அனுமதித்த அளவைப் போல் சுமார் 12 ஆயிரம் மடங்கு இருந்ததாக 2025-ல் தகவல் வந்தது.

அனுமதித்த அளவு எவ்வளவு? ஒரு டன் கிரீமில் ஒரு கிராம். அதுவும் தெரியாமல் கலந்துவிட்டால்தான்!

எப்படி வெளுக்கிறது?

தோலுக்குக் கருப்பு நிறம் தருவது மெலனின். அது ஊறவிடாமல் பாதரசம் தடுக்கிறது. முகம் வெளுக்கிறது. ஆனால் தோல் வழியே ரத்தத்தில் இறங்கும் பாதரசம் கிட்னியில் போய்த் தங்குகிறது. துண்டு, தலையணை வழியாக வீட்டுக் குழந்தைகளையும் விடுவதில்லை.

கரிசல் வெயிலில் காட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு மெலனின்தான் குடை. அதைக் காசு கொடுத்துக் கிழிக்கலாமா?

பெண்களே, உஷார்!

"தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது" என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா? பாதரசம் இருப்பதற்கு அது ஓர் அடையாளம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. பாதரசம் பட்டால் பவுனே வெளுத்துப் போகும். முகம் எம்மாத்திரம்?

தயாரித்தவர் விலாசம், லைசென்சு நம்பர், பேட்ச் நம்பர் இல்லாத டப்பாவைத் தொட வேண்டாம். ஏற்கனவே பூசி, சிறுநீர் நுரை நுரையாகப் போனாலோ, முகம், கால் வீங்கினாலோ, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காட்டுச் சரக்கு

பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே ஆவாரம்பூதான். இதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் வைப்பதில்லை. பூவை நிழலில் உலர்த்தி, பாசிப்பயறோடு திரித்தால் குளியல் பொடி ரெடி. சொறி, சிரங்குக்குக் குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசுவது பாட்டி காலத்து வழக்கம். கற்றாழையை வெட்டினால் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டுச் சோற்றை மட்டும் தடவ வேண்டும். பால் பட்டால் அரிக்கும்.

மூலிகையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

பூவைப் பறித்தால் செடி மறுபடி பூக்கும். வேரோடு பிடுங்கினால் அதோடு போச்சு. காய் பிடிக்கக் கொஞ்சம் பூவை விட்டு வைத்தால்தான் அடுத்த மழைக்கு விதை முளைக்கும்.

இந்தப் பொடி அழுக்கை எடுக்கும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். கருப்பைச் சிவப்பாக்காது. ஏழு நாளில் சிவப்பாக்கும் மூலிகை எந்தக் காட்டிலும் இன்னும் முளைக்கவில்லை!