மார்கழி முருங்கைக்காய்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய் விலையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

2024 டிசம்பரில் கிலோ 400 ரூபாய் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும். நன்றாக விளைந்த காய் ஒன்று ஏறக்குறைய 150 கிராம் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரே காய் 60 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளை சாம்பாருக்கு இரண்டு காயாவது வேண்டும். கடையில் விலையைக் கேட்டுவிட்டு, எடுத்த காயைத் திரும்ப வைத்தவர்கள் எத்தனையோ பேர். "எல்லாம் வியாபாரிகள் பண்ணுகிற வேலை" என்ற பேச்சும் அப்போது கூடவே வந்தது. அநேகமாக எல்லா மழைக்காலத்திலும் அது வருகிறது. விலையைப் பார்த்துக் கோபம் வருவது நியாயம்தான். அந்தக் கோபம் சரியான இடத்துக்குத்தான் போகிறதா என்று பார்க்க வேண்டுமானால், கடையை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போக வேண்டும்.

இன்று நம் சந்தைக்கு வரும் காயில் பெரும்பங்கு செடிமுருங்கை. வீட்டுக் கொல்லையில் போத்து நட்டு வளர்க்கும் மரமுருங்கை வேறு. இது விதை போட்டு வளர்ப்பது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம்தான் இதைப் பெரிய சாகுபடியாக மாற்றியது. விதைத்து மூன்று மாதத்தில் பூக்கும், ஆறு மாதத்துக்குள் முதல் பறிப்பு வந்துவிடும். ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, மூலனூர், தேனிப் பக்கம், தெற்கே உடன்குடி, சாத்தான்குளம் என்று முருங்கை நிற்கும் ஊர்களை மனதில் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் மழை குறைந்த, வெயில் நின்று காய்கிற பூமி. முருங்கைக்குப் பிடித்ததும் அதுதான்.

பிடிக்காதது இரண்டு. வேரில் தேங்கும் தண்ணீர் ஒன்று, பூவில் விழும் மழை மற்றொன்று. முருங்கைப் பூ கொத்துக் கொத்தாக வரும், ஆனால் காம்பு பலமில்லாதது. ஒரு இரவு அடைமழை போதும், காலையில் மரத்தடி வெள்ளையாகக் கிடக்கும். உதிராமல் தப்பிய பூவும் காயாகிவிடும் என்று சொல்வதற்கில்லை. மகரந்தம் சேர்க்கக் கருவண்டும் தேனீயும் வந்தாக வேண்டும், மழை நாளில் அவை வெளியே வருவதில்லை. போதாததற்கு மழை பெய்ததும் மரம் இலை விடத் தொடங்கிவிடும். பச்சைப்பசேல் என்று தழைத்து நிற்கும், காய் இருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது கால இடைவெளி. பூத்த நாளிலிருந்து பறிக்கிற பக்குவத்துக்குக் காய் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். மார்கழியில் கடைக்கு வர வேண்டிய காய் ஐப்பசியில் பூவாக இருந்திருக்க வேண்டும். ஐப்பசியோ நமக்கு அடைமழை மாதம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைதான் கொடுக்கிறது. ஆக, மார்கழியில் நீங்கள் கொடுக்கும் விலை ஐப்பசியிலேயே முடிவாகிவிட்டது. அந்த மழை வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தால் விலையும் அந்த அளவுக்குப் போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. உடன்குடியும் சாத்தான்குளமும் அதே மாவட்டத்து ஊர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்தடுத்து இப்படி நடந்தால் மழைக்காலத்துக் காயை நம்பி யார் பயிர் வைப்பார்கள்?

அப்படியானால் டிசம்பரில் கொஞ்சமாவது காய் வருகிறதே, அது எங்கிருந்து? குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. அங்கே தென்மேற்குப் பருவமழை செப்டம்பர், அக்டோபரோடு ஓய்ந்துவிடும். நம் மரத்தில் பூ உதிர்கிற நாட்களில் அங்கே வானம் தெளிந்திருக்கும், பூ நிற்கும், காய் பிடிக்கும். அங்கிருந்து கோயம்பேடு நெடுந்தூரம். டீசல், சுங்கச்சாவடி, ஏற்றுகூலி, இறக்குகூலி, வழியில் வாடியும் ஒடிந்தும் போகும் எடை எல்லாம் விலையில் ஏறும். ஆனாலும் லாரி வாடகையை மட்டும் வைத்து 400 ரூபாய்க்குக் கணக்குச் சொல்ல முடியாது. காய் கிலோ 40 ரூபாய் விற்றாலும் 400 ரூபாய் விற்றாலும் லாரிக்கு ஆகிற செலவு ஒன்றுதானே?

மீதியை விளக்குவது வாங்குகிறவர்களின் அவசரம். வழக்கமாக ஒரு சந்தைக்கு நூறு மூட்டை வருகிறது, மழைக்காலத்தில் முப்பதுதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காய் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் விலை மூன்று மடங்கோடு நிற்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். சந்தையில் அப்படி நடப்பதில்லை. அந்த முப்பது மூட்டைக்கு முதலில் கை நீட்டுகிறவர்கள் விலை பார்த்து விலகாதவர்கள். கார்த்திகை முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கிவிட்ட சமையல் கான்ட்ராக்டர் பந்தியில் முருங்கைக்காய் சாம்பார் என்று சொல்லியிருப்பார். எந்த விலைக்கும் வாங்கியாக வேண்டும். ஓட்டல்காரர் பெயர் கெடக் கூடாது என்று வாங்குவார். கேரளத்துக்கு லாரி ஏற்றுகிறவர் அவியலுக்கும் சாம்பாருக்கும் கேட்டு ஒட்டன்சத்திரத்தில் வந்து நிற்பார். இதே மாதங்களில்தான் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் இரண்டு மாநிலத்திலும் லட்சக்கணக்கில் சைவத்துக்கு மாறுகிறார்கள். இத்தனை பேரும் எடுத்தது போக மிச்சம் இருப்பதற்குத்தான் நம் தெருக் கடைக்காரர் ஏலம் கேட்கிறார். கடைசியில் நிற்கிறவருக்குக் கிடைப்பது ஆக அதிகமான விலை.

பதுக்கல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வெங்காயத்தைப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் வைக்கலாம். உருளைக்கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கலாம். பச்சை முருங்கைக்காயை அப்படி வைக்க முடியாது. நாலைந்து நாளில் வதங்கி, தோல் சுருங்கி, நார் முற்றி, வாங்க ஆளில்லாமல் போகும். இந்தக் காயைப் பதுக்கிப் பணக்காரரான வியாபாரி யாரும் இருக்க வழியில்லை. மண்டியில் கமிஷன் விலையின் விகிதத்தில் கணக்காவதால் விலை ஏறும்போது அதுவும் ஏறுகிறது. அது நியாயமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தெருக் கடைக்காரரின் நிலை வேறு. இருபது கிலோ எடுத்துக்கொண்டிருந்தவர் மூன்று கிலோ எடுக்கிறார். அதில் அரைக்கிலோ விற்காமல் வாடினால் அன்றைய கூலி போயிற்று. சூப்பர் மார்க்கெட்டில் இதோடு குளிர்சாதனமும் கடை வாடகையும் சேர்கின்றன. அங்கே காயை நறுக்கித் தட்டில் வைத்து, மேலே பிளாஸ்டிக் சுற்றி, துண்டுக் கணக்கில் விற்கும்போது கிலோவுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. வாங்கும்முன் தட்டில் ஒட்டியிருக்கும் எடையைப் பார்த்து வகுத்துப் பாருங்கள்.

இந்த விலையில் விவசாயிக்கு என்ன கிடைக்கிறது? அந்த மாதத்தில் காய் வைத்திருக்கிறவருக்கு நல்ல பணம், மறுப்பதற்கில்லை. மேட்டு நிலமும் வடிகாலும் இருந்து, கவாத்தைக் காலம் தள்ளிச் செய்து, மழைக்கு நடுவே கொஞ்சம் காயை எடுத்தவர் அந்தப் பணத்துக்கு முழுத் தகுதி உள்ளவர். ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் அப்போது பறிக்கக் காயே இல்லை. விலை உச்சத்தில் இருக்கும்போது அவர்கள் கை வெறுங்கை.

அவர்களிடம் காய் இருக்கிற காலம் பங்குனி, சித்திரை, வைகாசி. அப்போது எல்லா மரமும் ஒன்றாகக் காய்க்கிறது. விலை பத்து ரூபாய்க்குக் கீழேகூடச் சரிகிறது. பறிப்புக் கூலி, கட்டுக் கட்டுகிற கூலி, மண்டி வரை வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போனால் கையில் ஒன்றும் நிற்காது. பறித்தால் நட்டம் என்று காயை மரத்திலேயே முற்ற விட்டவர்களும் உண்டு. தக்காளி, வெங்காயம், உருளை மூன்றையும் ஆராய்ந்த ரிசர்வ் வங்கியின் 2024 ஆய்வறிக்கை ஒன்று, நாம் கொடுக்கும் ரூபாயில் விவசாயியைச் சேர்வது தக்காளியில் 33 காசு, வெங்காயத்தில் 36 காசு, உருளையில் 37 காசு என்று கணக்கிட்டது. முருங்கை அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் சித்திரை மாதத்து மண்டியைப் பார்த்தவர்கள் இதில் மட்டும் நிலைமை மேல் என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டு விலைக்கும் உறவு உண்டு. மார்கழியில் 400 ரூபாய் என்ற செய்தியைப் பார்த்துத் தையில் புதிதாக விதை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஆனி, ஆடியில் அத்தனை பேருக்கும் காய் வருகிறது, விலை விழுகிறது. வெறுத்துப்போய் மரத்தை வெட்டுகிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு மரம் குறைகிறது, மறுபடி விலை ஏறுகிறது. இந்தச் சுழலில் லாபம் பார்ப்பது கொஞ்சப் பேர், அதுவும் எப்போதாவது.

அரசு தலையிட்டால் விலை இறங்காதா என்று கேட்பீர்கள். 2023 ஜூலையில் தக்காளி ஏறியபோது சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள். பலருக்கு அது உதவியாக இருந்தது. தக்காளி எங்காவது ஒரு மூலையில் விளைந்துகொண்டிருந்ததால் அது நடந்தது. மரத்திலேயே இல்லாத காயை எந்தக் கடையிலும் மலிவாக விற்க முடியாது. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையால் இடையில் போகும் பணத்தைக் குறைக்க முடிகிறது, பருவத்தை மாற்ற முடியாது. என் கணிப்பில் அரசு கை வைக்க வேண்டிய மாதம் டிசம்பர் அல்ல, ஏப்ரல். லண்டனிலும் டொராண்டோவிலும் தமிழர்கள் உறையவைத்த முருங்கைத் துண்டை ஆண்டு முழுவதும் வாங்கிச் சமைக்கிறார்கள். அந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதில்லை. காய் மலியும்போது ஒட்டன்சத்திரத்திலேயே வாங்கி, வெட்டி, உறையவைக்கும் கூடங்கள் தேவையான அளவு இருந்தால் சித்திரையில் விவசாயிக்கு ஒரு தரை விலை நிற்கும், மார்கழியில் நமக்கு ஒரு மாற்றும் கிடைக்கும்.

அது வரும் வரை நம் சமையலறையில் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. மார்கழி, தையில் எது மலிவு என்று நம் பண்டிகைச் சமையலே சொல்லும். திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் ஏழுகறிக் கூட்டில் பரங்கி, பூசணி, அவரை, பச்சை மொச்சை, சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் என்று போடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பொங்கல் குழம்பில் சிறுகிழங்கு இல்லாமல் இருக்காது. பனங்கிழங்கு வருவதும் அப்போதுதான். இவை எல்லாம் அந்தந்த மண்ணில் அந்த மாதம் கிடைத்தவை. முருங்கையின் ருசி வேண்டுமென்றால் கீரை இருக்கிறது. காய் இல்லாத மாதத்தில் மரம் கொடுப்பது அதைத்தான், விலையும் காயோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. சாம்பாருக்குப் பரங்கியும் அவரையும் போதும்.

பங்குனி பிறந்ததும் முருங்கைக்காயை வாரம் இரண்டு முறை வாங்குங்கள். சாம்பாரோடு நிறுத்தாமல் பொரித்த குழம்பு, கூட்டு, புளிக்குழம்பு என்று செய்யுங்கள். மிஞ்சினால் துண்டு போட்டு, கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்து, ஆறவைத்து, துடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். அந்த மாதங்களில் கட்டு இருபது ரூபாய் என்று சொல்கிற உழவர் சந்தை அம்மாவிடம் பதினைந்துக்குப் பேரம் பேச வேண்டாம். கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.