நோயுற்ற செல்லப்பிராணியும் வீட்டுப் பிள்ளைகளும்

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசி வாரத்தில் தொழிலதிபர் ரத்தன் டாட்டா தமது இன்ஸ்டகிராம் பக்கத்தில் மும்பை மக்களிடம் ஓர் உதவி கோரினார். அந்நகரின் சிறு விலங்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த ஏழு மாத நாய்க்குட்டி ஒன்றுக்கு இரத்தம் தேவைப்பட்டது. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்ற ஐயம். உயிருக்கே ஆபத்தான இரத்தசோகை. கொடையளிக்கும் நாய்க்கு ஒன்று முதல் எட்டு வயதுக்குள் இருக்க வேண்டும், 25 கிலோவுக்குக் குறையாத எடை வேண்டும், தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனைகளும் அதில் இருந்தன. கொடையாளி நாய்கள் விரைவிலேயே கிடைத்தன. நாய்க்கும் இரத்த வகை உண்டு, நாய்க்கு நாய் இரத்தம் அளிக்கலாம் என்பது பலருக்கு அன்றுதான் தெரியவந்தது.

அச்செய்தியின் பின்னணியில் இருந்த நோய் அரியதொன்றன்று. நாய் வளர்க்கும் இந்திய இல்லங்களில், குறிப்பாக வெப்பமும் ஈரமும் மிகுந்த நகரங்களில், அடிக்கடி காணப்படுவதுதான். அப்போது மருத்துவரை அழைப்பதும் மருந்து வாங்குவதும் பெரியவர்களின் கவலை. மூலையில் படுத்திருக்கும் உயிரின் அருகே அமர்ந்து, அது ஏன் எழவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பிள்ளையே. அப்பிள்ளைக்கு என்ன சொல்வது, எந்த வேலையைக் கொடுப்பது என்பதைப் பற்றியே இங்கு நாம் பேச விழைகிறோம்.

முதலில் நோயைப் பற்றி. பழுப்பு நாயுண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர் நாயின் இரத்தத்தில் புகுகிறது. காய்ச்சல், சோர்வு, உணவில் வெறுப்பு ஆகியவை தொடக்க அறிகுறிகள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவதால் மூக்கில் இரத்தம் வரலாம், வயிற்றுத் தோலில் செம்புள்ளிகள் தோன்றலாம், ஈறுகள் வெளுக்கலாம். டாக்சிசைக்ளின் என்னும் மருந்தை வழக்கமாக நான்கு வாரங்கள் தருகின்றனர். இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. மூன்றாம் நாளே நாய் வாலாட்டி எழுந்துவிடுகிறது. பத்தாம் நாள் மாத்திரை மறந்துபோகிறது. நோய்க் கிருமியோ உடலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்து மீண்டும் தலைதூக்கக்கூடும்.

இந்த நான்கு வாரங்கள்தாம் பிள்ளைக்குரிய களம். ஒரு பழைய நோட்டில் நாள், வேளை, தின்ற அளவு, குடித்த நீர், மலம் எப்படி இருந்தது என்று எழுதும் பொறுப்பை எட்டு வயதுப் பிள்ளையும் செம்மையாகச் செய்யும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளும் இவையே. பெரியவர்கள் நினைவிலிருந்து சொல்வதைவிட அந்த நோட்டு நம்பத்தக்கது. பதின்ம வயதினர் உடல் வெப்பத்தையும் பெரியவர் துணையுடன் குறிக்கலாம். நலமான நாயின் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள். இல்லையேல் 101 என்ற எண்ணைக் கண்டதும் பிள்ளை கலங்கிவிடும்.

பிள்ளையிடம் விடக்கூடாத வேலைகளும் உண்டு. வாயைத் திறந்து மாத்திரை போடுவது பெரியவர் வேலை. வலியில் இருக்கும் நாய், தன்னோடு உறங்கும் பிள்ளையையும் கடிக்கும். டாக்சிசைக்ளின் மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கக்கூடும் என்பதால் பின்னாலேயே சிறிது உணவோ நீரோ தர வேண்டும். தயிரிலோ பாலிலோ மறைத்துத் தருவது நம் வீடுகளின் வழக்கம். பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து இம்மருந்தை உடல் ஏற்பதைக் குறைக்கும் என்பதால் இங்கு அவ்வழக்கம் வேண்டாம். உண்ணியை விரலால் நசுக்கவும் பிள்ளையை விடாதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பதே முறை. மனிதருக்கான வலி மாத்திரைகளைப் பிள்ளைகள் இரக்கத்தால் எடுத்துத் தந்துவிடுவதும் நடக்கிறது. பாரசிட்டமால் பூனையைக் கொல்லும். ஐபுபுரூஃபன் நாய்க்கு நஞ்சு. மருந்துப் பெட்டியை உயரத்தில் வையுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.

நாயைத் தொட்டால் பிள்ளைக்கும் இந்நோய் வருமோ என்று பாட்டிமார் அஞ்சுவது இயல்பு. நாயைத் தடவுவதாலோ அருகில் அமர்வதாலோ உண்ணிக் காய்ச்சல் தொற்றுவதில்லை. ஆனால் எல்லா நோய்களும் அப்படியல்ல. மழைக்காலத்தில் பரவும் எலிக் காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். எனவே இன்ன நோய் என்று மருத்துவர் உறுதி செய்யும்வரை கழிவுகளைப் பெரியவர்களே அகற்றுவது நல்லது. உண்ணியும் நாயின் உடலில் மட்டும் இருப்பதில்லை. இரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் திரைச்சீலை மடிப்பிலும் ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து தடவி வீட்டை விட்டுவிட்டால் பயனில்லை.

இனி மனத்தைப் பற்றி. "நான் உண்ணி எடுக்காம விட்டதாலதானே அம்மா இப்படி ஆச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். சிறு வயதினர் நடந்த எதற்கும் தம்மையே காரணமாக்கிக்கொள்வர். கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணியும் நோயைத் தரும், அதைத் தேடுவது வீட்டார் எல்லோருடைய வேலை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் சென்று, ஒரு கேள்வியையாவது அவரே கேட்கவிடலாம். ஊசி போடும்போது அறையில் இருப்பதா வேண்டாமா என்பதை அவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

பணத்தை மறைப்பதும் சரியன்று என்பது நம் கருத்து. இவ்விதழில் பணத்தைப் பற்றி எழுதியே பழகிய நாம் இதையும் சொல்லியாக வேண்டும். இரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ், இரத்தமேற்றல் என்று தனியார் மருத்துவமனையில் செலவு விரைவில் ஏறும். அரசுக் கால்நடை மருத்துவமனைகளிலும் கல்லூரி மருத்துவமனைகளிலும் குறைந்த கட்டணத்தில் நல்ல சிகிச்சை கிடைக்கிறது. மும்பை பரேலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1886 முதலும், சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903 முதலும் இயங்கிவருகின்றன. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில நாய்களுக்கான பாலிசிகளைத் தருகின்றன. முன்பே உள்ள நோய்க்கு அவை பொருந்துவது அரிது என்பதால் குட்டியாக இருக்கும்போதே விதிகளைப் படித்துப் பார்ப்பது நன்று. பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாமே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்க ரிசர்வ் வங்கி 2014-ஆம் ஆண்டிலேயே வழிவகுத்தது. அதில் மாதந்தோறும் நாய்க்கென ஒரு சிறு தொகையைப் பிள்ளையே ஒதுக்கலாம். ஆனால் மருத்துவச் செலவு முழுவதையும் அதிலிருந்து எடுக்காதீர்கள். தன் பணம் போதாததால்தான் நாய் பிழைக்கவில்லை என்ற எண்ணம் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

எல்லா நாய்களும் பிழைப்பதில்லை. அத்தறுவாயில் "தூங்கிவிட்டது" என்றோ "பண்ணைக்கு அனுப்பிவிட்டோம்" என்றோ சொல்வது பெரியவர்களுக்கு எளிது. ஐந்து வயதுப் பிள்ளை இரவில் தூங்கவே அஞ்சும். அல்லது பண்ணைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் கேட்கும். இறந்துவிட்டது, இனி அதன் உடல் இயங்காது, அதற்கு வலியும் இல்லை என்ற மூன்றையும் நேராகச் சொல்லலாம். அந்த வயதினர் அதையே மறுபடி மறுபடி கேட்பர். பொறுமையாக அதே விடையைத் தருவது தவிர வேறு வழியில்லை. பதின்ம வயதினர் கேட்கவே மாட்டார். அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். "ஒரு நாய்க்குப் போயா இவ்வளவு?" என்ற சொல் உறவினர் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புவதும் உதவும். வாரங்கள் கடந்தும் உணவும் உறக்கமும் திரும்பவில்லை என்றால், அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 கட்டணமின்றிக் கிடைக்கிறது.

அழுகையை நிறுத்துவதற்காக அடுத்த ஞாயிறே புதிய குட்டியை வாங்கிவருவோர் உண்டு. பிள்ளை தானே கேட்கும்வரை பொறுத்திருப்பது மேல். பார்வோ வைரஸால் குட்டி இறந்த வீடாக இருந்தால் பொறுக்க வேண்டிய காரணம் இன்னொன்றும் உண்டு. அக்கிருமி தரையிலும் கிண்ணத்திலும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். பாத்திரங்களையும் தரையையும் பிளீச்சிங் கரைசலால் துடைத்து, பழைய படுக்கையை அகற்றிய பின்னும், தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியை அவ்வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். அந்தக் கேள்வியையும் பிள்ளையே கேட்கட்டும்.